விளக்கு எரிந்தால் போதாது, தண்ணீர் கொதிக்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மோட்டார் ஜெனரேட்டரைச் சுழற்றுமாம். ஜெனரேட்டர் அதே மோட்டாருக்கு மின்சாரம் கொடுக்குமாம். மிச்சத்தை நாம் வீட்டுக்கு எடுத்துக்கொள்ளலாமாம். இப்படிப்பட்ட காணொளிகள் புலனக் குழுக்களில் ஓயாமல் சுற்றுகின்றன. மின்கட்டணத்தை எண்ணிக் கவலைப்படும் குடும்பங்கள் இதை நம்பி யாரிடமும் முன்பணம் கட்டிவிடக் கூடாது. அதற்காகவே இக்கடிதம்.

கணக்கைப் பாருங்கள். வீட்டு மின்சாரத்தில் ஓடும் சிறிய மோட்டார் 1,000 வாட் வாங்கினால், அதன் தண்டில் கிடைப்பது ஏறக்குறைய 750 வாட். பெல்ட்டில் ஐந்து விழுக்காடு போனால் 712. ஜெனரேட்டர் நல்லதாக அமைந்து 80 விழுக்காடு தந்தாலும் மிஞ்சுவது 570 வாட்தான். அதையே மோட்டாருக்குத் திருப்பினால் அடுத்த சுற்றில் 325, அதற்கடுத்து 185. சில விநாடிகளில் எல்லாம் நின்றுவிடும். குறைந்த பங்கு எங்கே போனது என்பதைக் கையாலேயே அறியலாம்: மோட்டாரின் உடல் சுடும், பெல்ட் வெதுவெதுப்பாக இருக்கும், பேரிங் இரையும். விலை கூடிய பாகங்களைப் போட்டு இழப்பைக் குறைக்கலாம். அடியோடு ஒழிக்க முடியாது. ஒழித்தாலும் போட்டதுதான் திரும்பி வரும், வீட்டுக்கு எடுக்க ஒரு வாட்கூட மிஞ்சாது.

பெரிய புல்லி மாட்டினால் வேகம் நான்கு மடங்கு கூடுமே என்பார்கள். கூடும், ஆனால் முறுக்குவிசை, அதாவது சுழற்றும் வலு, நான்கில் ஒன்றாகிவிடும். சுமை இல்லாதபோது இலேசாகச் சுற்றும் ஜெனரேட்டர், சுமை ஏறியதும் இறுகும். பழைய சைக்கிளில் டைனமோவைச் சக்கரத்தில் சாய்த்து ஓட்டியவர்களுக்கு இது காலில் தெரியும்: விளக்கு எரியும்போது மிதி கனக்கும். சுருளில் பாயும் மின்னோட்டம் தன்னை உண்டாக்கிய சுழற்சியையே எதிர்க்கிறது. 1834இல் ஹைன்ரிக் லென்ஸ் என்ற இயற்பியலாளர் கண்ட விதி இது.

கனமான சக்கரம் வைத்தால் போதும் என்பது அடுத்த வாதம். 20 கிலோ எடையும் 50 சென்டிமீட்டர் விட்டமும் உள்ள இரும்புத் தட்டு நிமிடத்துக்கு 1,500 சுற்று சுற்றும்போது அதில் இருப்பது சுமார் 7,700 ஜூல் ஆற்றல். ஒரு வாட் என்பது விநாடிக்கு ஒரு ஜூல். 500 வாட் சுமையைக் கொடுத்தால் பதினைந்தே விநாடியில் தீர்ந்துவிடும். சட்டியில் இருப்பதுதான் அகப்பையில் வரும். அந்த 7,700 ஜூலையும் முதலில் யாரோ ஊட்டித்தான் ஆக வேண்டும்.

எடையை எடையால் ஈடுகட்டினால் போதாதா என்றால், நம் பினாங்குக் கொடிமலை ரயிலையே எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு பெட்டிகளும் ஒரே வடத்தில். இறங்கும் பெட்டி ஏறும் பெட்டிக்கு எடை கொடுக்கிறது. இதனால் மோட்டாரின் பாடு பெரிதும் குறைகிறது. ஆயினும் மோட்டார் இல்லாமல் அந்த ரயில் ஓடுவதில்லை. மின்சாரமே இல்லாமல் காந்தத்தால் மட்டும் ஓடும் காந்த மோட்டார் என்று விற்கப்படுவதன் கதையும் இதுவே. காந்தத்தை நெருங்கும்போது கிடைக்கும் இழுவையை, விலகும்போது திருப்பிக் கொடுக்க வேண்டும். ஒரு முழுச் சுற்றில் வரவு பூஜ்யம்.

ஏர்கோன் 800 வாட் வாங்கி 2,600 வாட் குளிர் தருகிறதே என்று கேட்பவர்கள் உண்மையிலேயே நல்ல கேள்வி கேட்கிறார்கள். ஏர்கோன் குளிரை உற்பத்தி செய்வதில்லை, அறையின் வெப்பத்தை வெளியே கடத்துகிறது. வெளி யூனிட்டில் கை வைத்துப் பாருங்கள். அங்கே 3,400 வாட் வெப்பம் வீசும். 2,600உம் 800உம் சேர்ந்தால் 3,400. கணக்கு நேர்.

இனி, இயந்திரத்தைச் சோதிக்கும் வழி. எல்.இ.டி. விளக்கு எரிவதைப் பார்த்து நம்பாதீர்கள். 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்றை அடிப்பலகைக்குள் ஒளித்து வைத்தாலே 9 வாட் விளக்கு ஏழெட்டு மணி நேரம் எரியும். அந்தப் பேட்டரியில் இருப்பது 84 வாட்-மணி. ஒரு லிட்டர் தண்ணீரை 28 டிகிரியிலிருந்து கொதிக்க வைக்கவும் ஏறக்குறைய அதே 84 வாட்-மணி வேண்டும். ஆகவே இயந்திரத்தை அடிப்பக்கம் தெரியும்படி இரண்டு நாற்காலிகளின் மேல் வைத்து, வெளிக்கம்பி எல்லாவற்றையும் கழற்றச் சொல்லுங்கள். பிறகு 2,000 வாட் மின்கெட்டிலைச் செருகி, பத்து லிட்டர் தண்ணீரை லிட்டர் லிட்டராகக் கொதிக்க வைக்கச் சொல்லுங்கள். ஒரு லிட்டருக்கு மூன்று நிமிடம் போதும். மலிவான மல்டிமீட்டரில் வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கிக் காட்டினால் ஏற்காதீர்கள். மின்சாரத்தின் அலை ஒழுங்காக இல்லாதபோதும், வோல்ட்டும் ஆம்பியரும் ஒன்றுக்கொன்று முன்பின்னாக வரும்போதும் அந்தப் பெருக்கல் உண்மையான வாட்டைத் தராது.

பாரிஸ் அறிவியல் கழகம் 1775லேயே இத்தகைய இயந்திரங்களை ஆராய்வதில்லை என்று முடிவெடுத்தது. அவ்வளவு கடுமை வேண்டாம். இப்படி ஒரு கண்டுபிடிப்பைப் பற்றிச் செய்தி வெளியிடுமுன் இந்தப் பத்து லிட்டர் சோதனையைத் தங்கள் நிருபர்கள் கேட்டுப் பெற வேண்டுகிறேன். பள்ளி அறிவியல் விழாவுக்கு இதே கருவியைச் செய்யும் மாணவர்களை ஆசிரியர்கள் கடிந்துகொள்ளவும் வேண்டாம். உள்ளே போன வாட் எவ்வளவு, வெளியே வந்தது எவ்வளவு, இடையில் எந்தப் பாகம் எத்தனை டிகிரி சூடானது என்று அவர்களையே அளந்து எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
மின்துறைப் பொறியாளர்,
பட்டர்வொர்த், பினாங்கு