வாசகர் வட்டத்தின் ஆண்டறிக்கை: மென்காதல் நாவல்களோடு ஓராண்டு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, வட்டத்து நண்பர்களே, அனைவருக்கும் வணக்கம். சென்ற ஏப்ரல் முதல் இந்த மார்ச் வரையிலான நம் வாசகர் வட்டத்தின் நடவடிக்கைகளைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன்.

மாதாந்திரக் கூட்டங்கள் 12, செயற்குழுக் கூட்டங்கள் 4 நடந்தன. ஜூன் கூட்டம் மழையால் ஒரு வாரம் தள்ளிப் போனது. நூல் பரிமாற்ற நாள் வழக்கம்போல் நடந்தது. மறைந்த உறுப்பினர்கள் இருவருக்கு அஞ்சலி செலுத்தினோம். புத்தக அலமாரியின் கதவு சரிசெய்யப்பட்டது.

இனி இவ்வாண்டின் முக்கியப் பணிக்கு வருகிறேன். ஆண்டு முழுக்க ஒரே வகை நூல்களைப் படிக்கலாம் என்று சென்ற பொதுக்குழுவில் நான் ஒரு தீர்மானம் கொண்டுவந்தது நினைவிருக்கும். சரித்திரப் பின்னணி கொண்ட, படுக்கையறைக் கதவுக்கு வெளியிலேயே நின்றுவிடுகிற காதல் நாவல்களைச் சொன்னேன். இவற்றை ‘ஸ்வீட்’ என்றும் ‘க்ளீன்’ என்றும் வகைப்படுத்தி விற்கிறார்கள். ‘க்ளீன்’ என்ற சொல் எனக்கு உடன்பாடில்லை. மற்றவை எல்லாம் அழுக்கு என்று அது சொல்லாமல் சொல்கிறது. ஆகவே அறிவிப்புப் பலகையில் ‘மென்காதல் நாவல்கள்’ என்றே எழுதினேன். தீர்மானம் மூன்று வாக்கு வித்தியாசத்தில் நிறைவேறியது. “பொழுதுபோகாதவர்கள் படிக்கும் கதைக்கு ஓராண்டா?” என்று அன்று மூத்த உறுப்பினர் ஒருவர் கேட்டார். உடனே பதில் சொல்ல எனக்கு வரவில்லை. பன்னிரண்டு மாதம் படித்த பிறகு இப்போது சொல்ல முடியும் என்று நினைக்கிறேன்.

இந்த யோசனை எங்கிருந்து வந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். என் தாயாருக்குக் கண் மங்கியபோது, அவர் கேட்க நான்தான் உரக்கப் படிப்பேன். இலக்கியம் என்று நான் மதித்து எடுத்துப்போன நாவல்கள் சிலவற்றில் திடீரென்று ஒரு பக்கம் வரும், குரல் தடுமாறும், இரண்டு பத்தியைத் தாண்டிப் படிப்பேன். அம்மா கண்டுபிடித்துவிடுவார். “ஏன்டா நிறுத்தினே?” என்பார். மென்காதல் நாவல் ஒன்றைத் தற்செயலாகப் படிக்கத் தொடங்கியபோதுதான் முதல் பக்கம் முதல் கடைசிப் பக்கம் வரை ஒரு வரி விடாமல் அவருக்குப் படிக்க முடிந்தது. ஒரு நடன அறையில் நாயகன் நாயகியைப் பார்த்துவிட்டுப் பேசாமல் திரும்பிப் போகிற இடத்தில் அம்மா எழுந்து உட்கார்ந்துகொண்டார். எண்பது வயதில், யாரோ ஒரு பெண்ணுக்காக அவருக்கு அத்தனை பதற்றம். அந்தப் பதற்றம் எப்படி உண்டாகிறது என்று தெரிந்துகொள்ளவே இந்த ஓராண்டை வட்டத்திடம் கேட்டேன்.

நாம் படித்தவற்றில் பெரும்பாலானவை இங்கிலாந்தின் ரீஜென்சி காலத்தில் நடப்பவை. மூன்றாம் ஜார்ஜ் மன்னர் நோயுற்றிருக்க, அவர் மகன் அரசப் பிரதிநிதியாக இருந்த 1811 முதல் 1820 வரையிலான காலம் அது. ஒன்பதே ஆண்டு. இத்தனை நாவல்கள் அந்தச் சிறிய காலத்துக்குள் போய் ஏன் குடியேறுகின்றன என்று மே மாதக் கூட்டத்தில் இளம் உறுப்பினர் ஒருவர் கேட்டார். ஆங்கில எழுத்தாளர் ஜேன் ஆஸ்டினின் நாவல்களில் அவர் உயிரோடு இருந்தபோது வெளியான நான்கும் 1811க்கும் 1815 இறுதிக்கும் இடையில் வந்தவை, அது ஒரு காரணம். ஜார்ஜெட் ஹேயர் 1930களில் தொடங்கி அதே காலத்தைப் பின்புலமாக வைத்து, உடை, வண்டி, பேச்சுவழக்கு வரை துருவி எழுதி அதை ஒரு தனி வகையாகவே ஆக்கியது இன்னொரு காரணம். ஆனால் மூன்றாவது ஒன்று இருக்கிறது. அதைத்தான் நான் விரித்துச் சொல்ல விரும்புகிறேன்.

அந்தக் காலத்துப் பெண் ஒருத்திக்குத் திருமணம் என்றால் என்ன என்று பாருங்கள். கணவன் கையில் அவள் பணமும் பொருளும் போய்ச் சேரும். தனியே ஒப்பந்தம் எழுதி ஏதாவது பாதுகாத்திருந்தால்தான் உண்டு. மணமான பெண் தன் சொத்தைத் தானே வைத்துக்கொள்ள வழிசெய்த சட்டங்கள் 1870லும் 1882லும்தான் வந்தன. விவாகரத்து செய்துகொண்டு மறுமணம் செய்ய வேண்டுமென்றால், 1857 வரை, நாடாளுமன்றத்தில் அந்த ஒரு தம்பதிக்கென்று தனிச்சட்டமே நிறைவேற வேண்டும். சாதாரணக் குடும்பத்துப் பெண்ணுக்கு அது எட்டாத காரியம். அப்படியானால் “இவரை மணக்கிறேன்” என்று அவள் சொல்கிற ஒரு சொல்லைத் திரும்பப் பெற வழியே கிடையாது. அந்தச் சொல்லைச் சொல்வதற்கு முன் அவன் எப்படிப்பட்டவன் என்று தெரிந்துகொள்ள அவளுக்குக் கிடைப்பதோ இரண்டு நடனம், ஒரு மாலைநேர நடை, பத்துப் பேர் சுற்றியிருக்க ஒரு விருந்து மேசை, அவ்வளவுதான். ஒருவனோடு அதற்கு மேல் ஆடினால் ஊர் பேசும். நிச்சயமாகாத ஆணும் பெண்ணும் கடிதம் எழுதிக்கொள்வதே தவறு என்று கருதிய சமூகம் அது.

இதனால்தான் அந்த நாவல்களில் ஒரு கையுறை கழன்றால் நமக்கு மூச்சு நின்றுவிடுகிறது. எல்லாம் அனுமதிக்கப்பட்ட கதையில் முத்தம் கூடச் சாதாரணமாகிப்போகும். இங்கே அவன் தன் நாற்காலியை அவள் பக்கம் சற்று நகர்த்திப் போட்டால் அதற்குப் பொருள் உண்டு, அதை அவளும் பார்த்தாள், நாமும் பார்த்தோம். வள்ளுவர் காமத்துப்பாலில் குறிப்பறிதலுக்கென்று ஓர் அதிகாரமே ஒதுக்கியவர். கண்ணைப் படிக்கத் தெரிந்த மரபில் வந்த நமக்கு இந்தக் கதைகள் அந்நியமாக இல்லாததில் வியப்பில்லை. துணைத்தலைவர் இதைச் செப்டம்பர் கூட்டத்தில் மிக அழகாக எடுத்துச் சொன்னார்.

ஓடிப்போகும் கதைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1753இல் இயற்றப்பட்ட திருமணச் சட்டம் இங்கிலாந்தில் தேவாலயத்தில் மூன்று ஞாயிறு திருமண அறிவிப்பு ஓலை வாசிக்க வேண்டும் அல்லது உரிமம் பெற வேண்டும் என்றது. 21 வயது நிரம்பாதவர் உரிமம் பெற்று மணக்கப் பெற்றோர் சம்மதம் வேண்டும். அந்தச் சட்டம் ஸ்காட்லாந்துக்குப் பொருந்தாது. ஆகவே எல்லையைத் தாண்டியதும் வருகிற கிரெட்னா கிரீன் என்ற சிற்றூர் காதலர்களின் புகலிடமாயிற்று. லண்டனிலிருந்து 300 மைலுக்கு மேல், குதிரை வண்டியில். பின்னால் தகப்பனார் துரத்தி வருகிறார். இப்படிப்பட்ட பயணங்களில் நாயகியைச் சற்றும் கண்ணியம் குறையாமல் கொண்டுபோய்ச் சேர்க்கும் நாயகனை இந்த நாவல்கள் எப்படி எழுதுகின்றன என்று அக்டோபரில் பேசினோம். அன்று இரண்டு மணி நேரமாகியும் யாரும் எழுந்திருக்கவில்லை.

நவம்பர் கூட்டத்தை என் வாழ்நாளில் மறக்க மாட்டேன். ஜேன் ஆஸ்டினின் ‘பெர்சுவேஷன்’ நாவலின் முடிவை எடுத்துக்கொண்டோம். எட்டாண்டுக்கு முன் பிறர் சொல் கேட்டு நாயகி மறுத்துவிட்ட மாலுமி, அதே அறையில் அவள் வேறொருவரோடு பேசிக்கொண்டிருப்பதைக் கேட்டபடியே, கடிதம் எழுதி வைத்துவிட்டுப் போகிறான். ஆஸ்டின் முதலில் எழுதிய முடிவு இதுவல்ல. 1816 ஜூலையில் எழுதிய முதல் வடிவில் இருவரும் ஒரு வீட்டில் நேருக்கு நேர் சந்தித்து உண்மை தெரிந்துகொள்கிறார்கள். அது அவருக்கு நிறைவளிக்கவில்லை. ஆகஸ்டுக்குள் திருத்தி, இந்தக் கடிதத்தைக் கொண்டுவந்தார். கைவிடப்பட்ட அந்த அத்தியாயங்களின் கையெழுத்துப் பிரதி இன்றும் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. நோயோடு இருந்த ஒருவர், ஓராண்டுக்குள் இறந்தும்போனவர், கதை முடிந்துவிட்டது என்று விட்டிருக்கலாம். மீண்டும் உட்கார்ந்து எழுதினார். இருவரையும் ஒரே அறையில் வைத்து, பேச வாயில்லாமல் செய்து, பேனாவை மட்டும் கொடுத்தார். இரண்டு முடிவுகளையும் அடுத்தடுத்து உரக்கப் படித்தோம். பாட்டியோடு வந்திருந்த கல்லூரி மாணவி இரண்டாவதைப் படித்தார். பாதியில் குரல் உடைந்தது. பாட்டி புத்தகத்தை வாங்கி மிச்சத்தைப் படித்தார். மூன்று தலைமுறை உட்கார்ந்திருந்த அந்த அறையில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கக் கூச வேண்டிய வரி ஒன்றும் இல்லை. பொழுதுபோகாதவர்கள் படிப்பது என்று சொன்ன மூத்த உறுப்பினர் அன்று வந்திருந்தால் தெரிந்திருக்கும்.

நேர்மையாக ஒன்றையும் பதிவு செய்கிறேன். ஜனவரியில் ஓர் உறுப்பினர் எழுந்து, “இந்தப் பிரபுக்களுக்கெல்லாம் பணம் எங்கிருந்து வந்தது?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. பிரிட்டன் அடிமை வணிகத்தை 1807இல் தடைசெய்தது. ஆனால் அடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1833இல்தான் வந்தது, அப்போதும் இழப்பீடாக ஒதுக்கிய 2 கோடி பவுண்ட் உடைமையாளர்களுக்குத்தான், உழைத்தவர்களுக்கு ஒரு காசும் இல்லை. நம் நாயகர்களின் மாளிகைகளில் சில அந்தக் கரும்புத் தோட்டப் பணத்தில் நின்றிருக்கும். பல நாவல்கள் இதைக் கண்டுகொள்வதில்லை. சில இப்போது எழுதத் தொடங்கியிருக்கின்றன. படுக்கையறைக் கதவை மூடுவதை நான் ஆதரிக்கிறேன், சமையலறைக்கும் தோட்டத்துக்கும் போகும் கதவை மூடுவதை ஆதரிக்கவில்லை. அந்த உறுப்பினரின் கேள்விக்குப் பிறகு என் வாசிப்பும் மாறியது. அவருக்கு என் நன்றி.

இவ்வளவு நடந்த ஓராண்டில் எத்தனை பேர் வந்தோம்? பதிவேட்டில் 46 பெயர்கள். சராசரியாக 17 பேர் வந்தார்கள். தீர்மானத்துக்கு எதிராக வாக்களித்தவர்களில் பெரும்பாலோர் அதன்பின் ஒரு கூட்டத்துக்கும் வரவில்லை. கருத்து வேறுபாடு இருக்கலாம், அதை வந்து சொல்ல வேண்டும். நான் ஒவ்வொருவருக்கும் மாதந்தோறும் கைப்பட அஞ்சலட்டை எழுதினேன். 1840க்கு முன் இங்கிலாந்தில் கடிதத்துக்குப் பெரும்பாலும் பெறுகிறவர்தான் கட்டணம் கொடுக்க வேண்டும், அப்போதும் மக்கள் காசு கொடுத்து வாங்கிப் படித்தார்கள். என் அட்டைகளுக்கு அந்தச் செலவும் கிடையாது. மூன்று பேர் பதில் எழுதினார்கள். இதைக் குறையாகச் சொல்லவில்லை. வலித்தது என்பதை மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

கணக்கு விவரம்: வரவு செலவு பெரும்பாலும் சரிக்குச் சரியாக இருக்கிறது. புத்தகக் கொள்முதல் எதிர்பார்த்ததைவிடச் சற்றுக் கூடியது, அதற்கு நானே பொறுப்பு. ஒருசில ரசீதுகள் இன்னும் சேர வேண்டியிருக்கிறது, பொருளாளர் முழுக் கணக்கையும் தணிக்கைக்குப் பின் வைப்பார். சந்தா நிலுவை மட்டும் சென்ற ஆண்டைவிடக் கூடியிருக்கிறது. 46 பேரில் 21 பேர் முழுச் சந்தா செலுத்தியிருக்கிறார்கள். கூட்டத்துக்கு வராதவர்களும் அலமாரியிலிருந்து நூல்களை எடுத்துச் செல்கிறார்கள் என்பதைப் பொதுக்குழு கவனத்தில் கொள்ள வேண்டும்.

இடம் தந்தவர்களுக்கும், நாற்காலி போட்டு எடுத்த இளைஞர்களுக்கும், தலைவர், துணைத்தலைவர், பொருளாளர் ஆகியோருக்கும் வட்டத்தின் சார்பில் நன்றி.

வரும் ஆண்டு பற்றி. இதே வகையைத் தொடர வேண்டும் என்று நான் தீர்மானம் கொண்டுவரப் போவதில்லை. வேறு எதைப் படித்தாலும் வருவேன். ஆனால் உரக்கப் படிப்பதை மட்டும் நிறுத்த வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். செயலாளர் பொறுப்பில் தொடர உடல்நிலை எவ்வளவு இடம் தரும் என்று தெரியவில்லை. யாராவது முன்வந்தால் பதிவேட்டையும் சாவியையும் மகிழ்ச்சியோடு ஒப்படைப்பேன். யாரும் முன்வராவிட்டாலும் பணி நிற்காது. இரண்டு உதவியாளர்களாவது கிடைத்தால் பெரிய ஆறுதலாக இருக்கும்.

கடைசியாக ஒன்று. நவம்பரில் நாம் படித்த அந்த நாவலின் பிரதி அலமாரியில் இல்லை. டிசம்பர் முதல் ஏட்டில் கையொப்பம் இல்லாமல் வெளியே இருக்கிறது. அம்மாவுக்குப் படித்த பிரதி அது, ஓரங்களில் அவர் எங்கே நிறுத்தச் சொன்னார் என்று பென்சிலால் குறித்து வைத்திருக்கிறேன். அவர் போன பிறகு வட்டத்துக்குக் கொடுத்தேன். வைத்திருப்பவர் யாராக இருந்தாலும், முழுதாகப் படித்து முடித்துவிட்டே கொண்டுவரலாம். அபராதம் கிடையாது. நேரில் தரத் தயக்கமாக இருந்தால் அறை வாசலில் வைத்துவிட்டுப் போனால் போதும். அதற்காக ஆறு பேர் காத்திருக்கிறார்கள்.

இங்ஙனம்,
செயலாளர்