ஃபார்குவார் சாலைப் பழைய பேராலயத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போங்கள்: பினாங்கு மறைக்கல்வி ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்பான மறைக்கல்வி ஆசிரியர்களுக்கும் அன்பியப் பொறுப்பாளர்களுக்கும்,

இயேசுவுக்கே புகழ்!

லெபோ ஃபார்குவாரில், அதாவது ஃபார்குவார் சாலையில் நிற்கும் விண்ணேற்பு அன்னை ஆலயத்தைப் பற்றித்தான் இந்த மடல். நம் தமிழ்ப் பிள்ளைகள் பலர் அந்த வழியாகப் பஸ்ஸிலும் காரிலும் போகிறார்கள். உள்ளே கால் வைத்தவர்கள் எத்தனை பேர்? "அது யூரேசியர்கள் (ஐரோப்பிய-ஆசியக் கலப்பு வழிவந்தவர்கள்) கோவில், இங்கிலீஷ் பூசைக் கோவில்" என்று பெரியவர்களாகிய நாமே சொல்லிச் சொல்லி அவர்களைத் தள்ளி நிறுத்திவிட்டோம். ஆகஸ்ட் 15 விண்ணேற்புத் திருவிழாவுக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை அவர்களை அங்கே கூட்டிக்கொண்டு போய், அந்தக் கட்டடத்தைத் தமிழிலேயே விளக்குங்கள் என்று கேட்கவே எழுதுகிறேன்.

யூரேசியர்கள் தொடங்கிய கோவில் என்பது உண்மைதான். 1786 ஆகஸ்டில் பிரான்சிஸ் லைட் தீவை ஆங்கிலேயர் வசமாக்கிய சில நாட்களிலேயே, கோலக்கெடாவிலிருந்து போர்த்துக்கீசிய வழிவந்த கத்தோலிக்கக் குடும்பங்கள் ஆயர் (பிஷப்) கார்னோவுடன் வந்து இறங்கின. அன்று விண்ணேற்புத் திருநாளுக்கு முந்தின நாள். கோவிலின் பெயர் அப்படி வந்தது. அவர்களில் பலர் சயாமில் (இன்றைய தாய்லாந்து) நெருக்கடிக்கு ஆளாகி, ஏற்கெனவே ஒருமுறை ஊர்விட்டு ஓடி வந்தவர்கள். நாகப்பட்டினத்தில் ரஜுலா கப்பலேறி இங்கே இறங்கிய நம் தாத்தா பாட்டிமார் கதையைக் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு இது அந்நியக் கதையாகவா தோன்றும்? பினாங்கு ரோட்டில் தமிழ்க் கத்தோலிக்கருக்கென்று புனித சவேரியார் பங்கு தொடங்கிய 1857-ஐ ஒட்டித்தான், ஃபார்குவார் சாலையிலும் புதுக்கோவில் எழும்பியது. இரண்டும் ஒரே ஊரின், ஒரே காலத்துக் கதைகள்.

கூட்டிப் போனதும் நேராகப் பீடத்துக்குப் போய்விடாதீர்கள். முதலில் வெளியே நிறுத்தி முகப்பைப் பார்க்கச் சொல்லுங்கள். வாசலின் இரு பக்கமும் இரண்டு கோபுரங்கள். கடலை ஒட்டிய அந்த வட்டாரத்தில் உயரமான கட்டடங்கள் வராத காலத்தில் அவை எவ்வளவு தூரத்துக்குத் தெரிந்திருக்கும் என்று அவர்களையே யோசிக்க விடுங்கள். அப்புறம் உள்ளே, பீடத்துக்குச் சற்று முன்னால் நடுவில் நின்று இடமும் வலமும் திரும்பச் சொல்லுங்கள். 1928-ல் சேர்த்த இரண்டு சிறகுகளும் கண்ணில் படும். பங்கு மக்கள் பெருகியதால் கோவில் அகன்றது. முழுக் கோவிலும் சிலுவை வடிவில் இருப்பதைப் பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள். நாம் சொல்லிக் கொடுத்தால் மறந்துவிடுவார்கள்.

பைப் ஆர்கனைத் தவறவிடாதீர்கள். இங்கிலாந்தின் மார்ட்டன் அண்ட் மூடி நிறுவனம் செய்தது, 1916-ல் இங்கே பொருத்தப்பட்டது. அது வேலை செய்யும் விதத்தை விளக்கினாலே அரைமணி நேரம் போய்விடும். ஒரு பெட்டியில் காற்றை அழுத்தி நிறைத்து வைத்திருப்பார்கள். கட்டையை அழுத்தினால் குழாயின் அடியில் ஒரு சின்ன மூடி திறக்கும், காற்று ஏறும், குழாய் பாடும். நீளக் குழாய்க்குக் கனத்த குரல், குட்டைக் குழாய்க்குக் கீச்சுக் குரல். ஒவ்வொரு சுரத்துக்கும் தனித்தனிக் குழாய். கோவிலில் கீபோர்டு வாசிக்கிற நம் பையன்களும் பெண்களும் இதைக் கேட்டால் அவ்வளவு லேசில் அங்கிருந்து நகர மாட்டார்கள்.

பேராலயம் என்றால் பெரிய கோவில் என்றுதான் பிள்ளைகள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஆயரின் இருக்கை எந்தக் கோவிலில் இருக்கிறதோ அதுதான் பேராலயம். 1955-ல் பினாங்கு மறைமாவட்டம் உருவாகி பிரான்சிஸ் சான் முதல் ஆயரானபோது அந்த இருக்கை விண்ணேற்பு அன்னை ஆலயத்துக்கு வந்தது. 2003-ல் கிரீன் லேனில் உள்ள தூய ஆவியார் ஆலயத்துக்கு மாறியது. இப்போதைய பேராலயத்தைப் பார்த்திருக்கிற பிள்ளைகளிடம் இரண்டையும் ஒப்பிட்டுப் பேசச் சொல்லுங்கள்.

நேரம் மிச்சமிருந்தால் அதே சாலையில் இன்னும் கொஞ்சம் நடந்து புனித ஜார்ஜ் ஆங்கிலிக்கன் ஆலயத்தையும் காட்டுங்கள். 1818-ல் கட்டி முடித்தது. அதன் வெள்ளைத் தூண்களைப் படமெடுப்பவர்களில் பலருக்கு, கிழக்கிந்தியக் கம்பெனி இந்தியாவிலிருந்து நாடுகடத்திய கைதிகளின் உழைப்பு அதில் கலந்திருப்பது தெரியாது. சென்னை மாகாணத்திலிருந்தும் பினாங்குக்குக் கைதிகளைக் கொண்டுவந்தார்கள். நம் பிள்ளைகளுக்கு இதை யாராவது சொல்லியே ஆக வேண்டும், அதையும் தமிழில் சொல்ல வேண்டும்.

போவதற்கு முன் கோவில் அலுவலகத்தில் பேசிவிடுங்கள். சனிக்கிழமை என்றால் திருமணம் ஏதாவது இருக்கலாம். சவேரியார் கோவிலிலிருந்து பொடிநடையாகவே போய்விடலாம், பஸ் தேவையில்லை. வெயிலுக்கு முன்னால் காலையிலேயே கிளம்பிவிடுங்கள். யூரேசியப் பெரியவர்கள் யாராவது வந்து பேசச் சம்மதித்தால் இன்னும் நல்லது. மொழிபெயர்த்துச் சொல்ல நான் வரத் தயார். எந்தச் சனிக்கிழமை என்று முடிவு செய்து, ஜூலை முடிவதற்குள் பெற்றோருக்குச் சொல்லிவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் பங்கு மக்களில் ஒருவர்
ஜார்ஜ்டவுன், பினாங்கு