கோவில்பட்டிக்கு வருமுன்: மெல்போர்னிலிருந்து அம்மாவுக்கு

மெல்போர்ன்

அன்புள்ள அம்மாவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். பொங்கலுக்கு மூன்று வாரம் வருகிறோம் என்றதும், பேரனுக்கு என்னென்ன பலகாரம் செய்து வைக்க என்று கேட்டாய். அதற்குப் பதில் போனில் சொல்லி முடிகிற காரியம் இல்லை. இந்தக் கடிதத்தை அப்பாவும் மதினியும் கட்டாயம் படிக்க வேண்டும்.

அவனுக்கு நிலக்கடலையும் முந்திரியும் ஆகாது. மற்றவர்களுக்குக் கத்திரிக்காய் ஆகாது என்போமே, அந்த மாதிரி அரிப்போடு போகிற ‘ஆகாது’ இல்லை இது. கடலையில் இருக்கும் புரதத்தை உடம்பு எதிரி என்று நினைத்துக்கொள்கிறது. சில நிமிடங்களில் மூச்சுக்குழாய் சுருங்கலாம், ரத்த அழுத்தம் விழலாம். அதற்கு ஒரு கடலைகூட முழுசாக வேண்டாம். கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தால் பழகிவிடும் என்று யார் சொன்னாலும் கேட்காதே. அப்படி ஒரு சிகிச்சை உண்டுதான், ஆனால் அதை மில்லிகிராம் கணக்கில் டாக்டர்தான் நடத்துவார். முந்திரி ஆகாதவர்களுக்குப் பெரும்பாலும் பிஸ்தாவும் ஆகாது. அதனால் அதையும் சேர்த்துக்கொள்.

நம்ம குடும்பத்தில் யாருக்கும் இல்லையே என்று நீ வருத்தப்படுவது தெரியும். 2011-ல் வெளியான மெல்போர்ன் ஆய்வு ஒன்றில், ஒரு வயதுக் குழந்தைகளில் பத்துப் பேரில் ஒருவருக்கு மேல் ஏதாவது ஓர் உணவு ஒவ்வாமை இருந்தது. கிழக்காசியாவில் பிறந்து இங்கே குடியேறியவர்களின் பிள்ளைகளுக்கு அது இன்னும் அதிகம். பெற்றோருக்கு இல்லாதது இங்கே பிறக்கும் பிள்ளைக்கு வருகிறது. யாருடைய பத்தியக் குறைவும் இல்லை, திருஷ்டியும் இல்லை.

இங்கே எங்கள் நாள் பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படிப்பதில்தான் தொடங்குகிறது. ஒவ்வாமை தரும் பொருளைத் தடித்த எழுத்தில் போட வேண்டும், முந்திரியா பாதாமா என்று பெயரையும் தனியாகச் சொல்ல வேண்டும் என்று 2021-ல் சட்டம் வந்தது. ஆனால் ‘கடலை கலந்திருக்கலாம்’ என்ற எச்சரிக்கையைப் போடுவது கம்பெனியின் இஷ்டம். அந்த வரி இல்லை என்பதால் பொருள் சுத்தம் என்று அர்த்தம் இல்லை. சேர்மானத்தைச் சொல்லாமல் மாற்றிவிடுவார்கள், அதனால் போன மாதம் வாங்கிய அதே பிஸ்கட்டையும் இந்த மாதம் மறுபடி படிக்கிறோம். பாலர் பள்ளியில் அவன் போட்டோ ஒட்டிய சிவப்பு நிற அவசரத் திட்டத்தாள் சுவரில் இருக்கும். அவன் மருந்துப் பேனாவை, அதாவது ஒவ்வாமை முற்றினால் தொடையில் குத்துகிற அட்ரினலின் ஊசியை, பூட்டாத இடத்தில் வைத்திருப்பார்கள். பிறந்தநாள் கேக் வெட்டும் நாளில் அவனுக்கு வீட்டில் செய்த கேக்.

இனி நம்ம வீட்டு அடுப்படிக்கு வருகிறேன். முதல் சிக்கல் நம்ம பேச்சிலேயே இருக்கிறது. பொட்டுக்கடலை, கொண்டைக்கடலை, கடலைப்பருப்பு, கடலைமாவு எல்லாமே அவனுக்கு ஆகும். கடலைகளில் நிலக்கடலை மட்டும்தான் ஆகாது. இந்தக் கடிதத்தில் வெறும் ‘கடலை’ என்று நான் எழுதுவதும் அதைத்தான். ஆனால் “இதில் கடலை இருக்கா?” என்று கேட்டால் கடைக்காரர் ஒன்றை நினைத்து ‘இல்லை’ என்பார், நாம் வேறொன்றை நினைத்து வாங்கிவிடுவோம். எங்கே கேட்டாலும் ‘நிலக்கடலை’ என்று முழுசாகச் சொல்லிக் கேள். ஓட்டல் சட்னியை அவனுக்குக் கொடுக்கவே வேண்டாம், பொட்டுக்கடலையோடு நிலக்கடலையும் சேர்த்து அரைப்பது சாதாரணம். தேங்காய்க்குப் பயமில்லை.

இரண்டாவது எண்ணெய். நன்றாகச் சுத்திகரித்த எண்ணெயில் புரதம் அநேகமாக இருக்காது. செக்கு எண்ணெயில் இருக்கும். பக்கத்துச் செக்கில் நல்லெண்ணெய் வாங்கிக்கொள்ளலாம் என்று நினைக்காதே, அதே செக்கில்தான் கடலையும் ஆட்டுவார்கள். மூன்று வாரத்துக்கும் சீல் உடைக்காத சூரியகாந்தி எண்ணெய் பாக்கெட் போதும்.

தோசைக்கல்லைக் கொஞ்சம் யோசித்துப் பார். வெங்காயத்தைப் பாதியாக வெட்டி, கரண்டிக்காம்பில் குத்தி, கடலெண்ணெய் தொட்டுத் தொட்டு வருஷக்கணக்காகத் தேய்த்த கல் அது. அந்தப் பளபளப்பே எண்ணெய்தான். அதைத் தேய்த்து எடுக்க முயல வேண்டாம், புதிதாக ஒரு கல் வாங்கிவிடலாம். மிக்ஸி ஜாரைக் கழுவினாலும் பிளேடுக்கு அடியிலும் மூடி ரப்பரின் பள்ளத்திலும் அரைத்த விழுது ஒட்டியிருக்கும். நகத்தால் சுரண்டினால் தெரியும். அவனுக்கென்று ஒரு சின்ன ஜார் தனியாக வேண்டும். அம்மியும் ஆட்டுக்கல்லும் சொரசொரப்பு, அவற்றைத் தொடவே வேண்டாம்.

சாத்தூர் சேவு, மிக்சர், கடை முறுக்கு எதுவும் வேண்டாம். கடலை பொரித்த சட்டியிலேயே எல்லாம் பொரிகிறது. கோயில் பொங்கலில் முந்திரியைப் பொறுக்கி எடுத்துவிட்டுக் கொடுக்கலாம் என்று அத்தை சொல்வார்கள். அந்த முந்திரியை வறுத்த நெய்தான் பொங்கல் முழுக்க இருக்கிறது, பொறுக்கினால் போகாது. நெற்றியில் திருநீறு மட்டும் பூசி அழைத்து வரட்டும்.

கடலைமிட்டாய்க்கு 2020-ல் புவிசார் குறியீடு வாங்கிய ஊர் நம்ம ஊர், வருகிறவர்கள் கையில் அது இல்லாமல் வரமாட்டார்கள். வாங்கி நன்றி சொல்லி, மச்சிலே பூட்டி வைத்துவிடு. கடலை தின்றவர்கள் அவனைத் தூக்குமுன் சோப்புப் போட்டுக் கைகழுவ வேண்டும். வெறும் தண்ணீரிலும் சானிடைசரிலும் கடலைப் புரதம் முழுசாகப் போகும் என்று நம்ப முடியாது. தின்ற வாயோடு முத்தம் கொடுக்கவும் கூடாது. அதே சமயம், பக்கத்து வீட்டில் கடலை வறுக்கிற வாசனைக்குப் பயந்து கதவைச் சாத்த வேண்டாம். வாசனையால் அவனுக்கு ஒன்றும் ஆகாது.

இவ்வளவுக்குப் பிறகும் தவறிப் போனால் என்ன செய்வது என்பதைத்தான் நீ மனப்பாடம் செய்ய வேண்டும். உதடு வீக்கம், தடிப்பு, வாய் அரிப்பு மட்டும் என்றால் டாக்டர் எழுதிய செட்ரிசின் சிரப் கொடுத்து, பக்கத்திலேயே இருந்து பார். அவன் சொல்லத் தெரியாமல் “நாக்கு காரமா இருக்கு” என்றும் சொல்லலாம். விடாத இருமல், மூச்சு இழுப்பு, குரல் கம்முதல், நாக்கு வீக்கம், முகம் வெளிறித் துவண்டு விழுதல், இதில் ஒன்று வந்தாலும் சிரப்பைத் தேடாதே, உடனே பேனா. சந்தேகமாக இருந்தாலும் போட்டுவிடு. தேவையில்லாமல் போட்டால் கொஞ்ச நேரம் நெஞ்சு படபடக்கும், அவ்வளவுதான். போடத் தாமதித்தால்தான் ஆபத்து.

அவன் 16 கிலோ, அதனால் 150 மைக்ரோகிராம் பேனா. முஷ்டியால் பிடி, நுனியில் கட்டைவிரல் வைக்காதே. நீல மூடியை இழு. காலை அசையாமல் பிடித்துக்கொண்டு, ஆரஞ்சு முனையைத் தொடையின் வெளிப்பக்க நடுவில் வைத்து, ‘டக்’ என்று கேட்கும்வரை அழுத்து, மூன்று விநாடி அப்படியே வை. கால்சட்டைக்கு மேலேயே போடலாம். பிறகு அவனைப் படுக்க வை. மூச்சுவிடச் சிரமப்பட்டால் காலை நீட்டி உட்காரலாம். எழுந்து நிற்கவோ நடக்கவோ விடாதே, தோளில் தூக்கிக்கொண்டு ஓடவும் கூடாது. நிமிர்த்தினால் ரத்த அழுத்தம் திடீரென்று விழும். 108-ஐக் கூப்பிடு. ஐந்து நிமிடத்தில் தெளியவில்லை என்றால் இரண்டாவது பேனா. தெளிந்தாலும் ஆஸ்பத்திரியில் நாலு மணி நேரமாவது இருக்க வேண்டும்.

பேனாவை பிரிட்ஜில் வைக்கக் கூடாது, வெயிலில் நிற்கும் காரிலும் விடக் கூடாது. 25 டிகிரிக்கு மேல் சூடு ஆகாது, நம்ம ஊர் மத்தியான வெயிலுக்கு வெப்பம் தாங்கும் பையோடு வருகிறோம். மருந்துக்கடையில் வாங்கிக்கொள்ளலாம் என்று நம்பி வரமுடியாது. ஆனால் உள்ளே இருக்கும் அட்ரினலின் எந்த ஆஸ்பத்திரியிலும் இருக்கும். நம்ம டாக்டரிடம் அப்பா முன்கூட்டியே பேசி வைக்கட்டும்: கிலோவுக்கு 0.01 மில்லிகிராம், தொடைத் தசையில்.

மதினிக்கு ஒரு வார்த்தை. நம்ம பிரச்சினையைப் பார்த்துப் பயந்து பாப்பாவுக்குக் கடலை கொடுக்காமல் இருந்துவிட வேண்டாம். 2015-ல் வெளியான லண்டன் ஆய்வில், குழந்தையிலேயே கடலை சாப்பிடத் தொடங்கியவர்களுக்கு இந்த ஒவ்வாமை வெகுவாகக் குறைந்தது. ஆறு மாதம் ஆனதும், கூழில் மைய அரைத்த கடலை விழுதைக் கால் டீஸ்பூன் கலந்து தொடங்கி, ஒரு வயதுக்குள் வாராவாரம் கொடுக்கலாம். முழுக்கடலை புரையேறும், அது கூடாது. பாப்பாவுக்குக் கரப்பான் படை அதிகம் என்றால் டாக்டரைக் கேட்டுவிட்டுத் தொடங்கட்டும். வெடித்த தோலில் கடலெண்ணெய் தேய்க்கவும் வேண்டாம். நாங்கள் இருக்கிற மூன்று வாரம் மட்டும் நிறுத்தி வைத்தால் போதும்.

பலகாரம் கேட்டாயே, அவனுக்குப் பொட்டுக்கடலை உருண்டை என்றால் உயிர். சாக்கில் அளந்து விற்கும் பொட்டுக்கடலையில் நிலக்கடலைத் துணுக்கு விழுந்திருக்கும், அதனால் சீல் போட்ட பாக்கெட் இங்கிருந்தே கொண்டு வருகிறோம். நீ கருப்பட்டி மட்டும் வாங்கி வை.

உன் அன்பு மகள்