கேஸுவாலிட்டி டாக்டர்களுக்கு ஒரு பிசியோவோட திறந்த மடல்

ராத்திரி டூட்டி பாக்குற டாக்டர்கள் எல்லாருக்கும் வணக்கம்.

மூச்சு முட்டுதுன்னு அலறியடிச்சு வர்ற பொண்ணுக்கு ஈசிஜி எடுத்து, சாச்சுரேஷன் பாத்து, எல்லாம் நார்மல்னு உறுதி பண்றீங்க, அது கண்டிப்பா வேணும், ஹார்ட், ஆஸ்துமா, நுரையீரல்ல ரத்தக்கட்டி எதையும் விட்டுடக்கூடாது. ஆனா அதுக்கப்புறம் "ஒன்னுமில்லம்மா, டென்ஷன்தான்"னு வீட்டுக்கு அனுப்பிடுறீங்க, அங்கதான் எங்களுக்கு மனசு கேக்க மாட்டேங்குது.

ஒன்னுமில்லாமயா டாக்டர் விரல் கோணிக்கிட்டு நிக்குது? தேவைக்கு மேல மூச்சு விட்டு விட்டு (இதுக்குப் பேருதான் ஹைப்பர்வென்டிலேஷன்) ரத்தத்துல கார்பன் டை ஆக்சைடு அழுத்தம் 35 மி.மீ. பாதரச அளவுக்கு கீழ இறங்கி, காரத்தன்மை ஏறி, அதுல நரம்புக்கும் தசைக்கும் வேண்டிய அயனி கால்சியம் கொறஞ்சுதான் வாயச் சுத்தி மதமதன்னு ஆகுது, கை இழுத்துக்குது, மூளைக்குப் போற ரத்தக்குழாய் சுருங்கி தலை கிறுகிறுங்குது. உங்களுக்குத் தெரியாததில்ல. ஆனா பக்கத்துல நிக்கிற அம்மா "நல்லா இழுத்து மூச்சு விடுடி"ன்னு சொல்லச் சொல்ல இன்னும் மோசமாகுதே, அத அவங்ககிட்ட யாரும் சொல்றதில்ல. பேப்பர் பைக்குள்ள மூச்சு விடச் சொல்றதும் தயவுசெஞ்சு வேணாம், உள்ள வேற வியாதி இருந்து ஆக்சிஜன் கொறஞ்சா உயிருக்கே ஆபத்து.

எங்ககிட்ட அனுப்புங்க. முழங்காலுக்கு அடியில தலகாணி வச்சு படுக்க வச்சு, ஒரு கைய நெஞ்சுலயும் ஒரு கைய வயித்துலயும் வைக்கச் சொன்னா பெரும்பாலும் மேல இருக்குற கைதான் தூக்கித் தூக்கிப் போடும், நடுநடுவுல பெருமூச்சு, கொட்டாவி. அங்கேர்ந்து ஆரம்பிக்கிறோம், மூக்கு வழியா, கொஞ்சமா, வயிறு மட்டும் எழும்புற மாதிரி, விடுறப்ப நிதானமா. படுத்துக்கிட்டு வந்தது உக்காந்தா வராது, உக்காந்து வந்தது மாடிப்படி ஏறும்போது போயிடும், அதனால ஒவ்வொன்னா பழக்கணும், வாரக்கணக்குல ஆகும், ஒரு ஊசியில முடியுற வேலையில்ல. இங்கிலாந்துல பாப்வொர்த் ஆஸ்பத்திரி பிசியோக்கள் 1960கள்லயே இத ஒரு முறையா வளத்தெடுத்தாங்க. ஹைப்பர்வென்டிலேஷனான்னு பாக்க நைமேகன் கேள்வித்தாள்னு ஒன்னு இருக்கு, 16 கேள்வி, மொத்தம் 64 மார்க், 23க்கு மேல போனா சந்தேகப்படலாம், அத உக்கார வச்சு பொறுமையா கேக்குறத நாங்க பாத்துக்குறோம்.

நீங்க டிஸ்சார்ஜ் சீட்டுல "பிசியோ, மூச்சுப் பயிற்சி"ன்னு ஒரு வரி எழுதுங்க, எந்த மாடி, எத்தன மணிக்கு வரணும்னும் வாயால சொல்லிடுங்க, சொல்லலன்னா வரமாட்டாங்க, அடுத்த தடவையும் ராத்திரியில உங்ககிட்டதான் ஓடி வருவாங்க.