ஒரு தடவை கேட்டுவிடு, கண்ணு

குன்னூர்

அன்புள்ள கண்ணு,

நேற்று நீ உன் ஆபீஸ் பெண்ணைப் பற்றிப் போனில் கேட்டபோது கடையில் ஆட்கள் நின்றார்கள், அப்பாவும் பக்கத்தில் இருந்தார். சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

"பார்த்தால் சிரிக்கிறாள், டீக்குக் கூப்பிட்டால் வருகிறாள், பிடித்திருக்கிறது என்றுதானே அம்மா அர்த்தம்?" என்றாய். சிரிப்பை வைத்து எதையும் முடிவு செய்யாதே. தேயிலைக் கடையில் நிற்கிற நானும் எல்லோரையும் பார்த்துச் சிரிக்கிறவள்தான். மே மாதம் சிம்ஸ் பூங்காவில் பழக் கண்காட்சி நடக்கும்போது, கால் கடுத்தாலும் முகம் மாறாமல் பொட்டலம் போட்டுக் கொடுக்க வேண்டும். அதைத் தப்பாக எடுத்துக்கொண்டு திரும்பத் திரும்ப வந்து நிற்கிற ஆட்களை இங்கே வேலை செய்யும் பெண்கள் எல்லோருக்கும் தெரியும். ஆபீஸிலும் அப்படித்தான். சிரிக்காவிட்டால் திமிர் பிடித்தவள் என்பார்கள்.

வேறு சிலதைக் கவனி. நீ சும்மா இருக்கிற நாளில் அவளாகப் பேச்சு எடுக்கிறாளா? எனக்கு உடம்பு சரியில்லாததை அவளிடம் சொல்லியிருந்தாயே, மறுநாள் ஞாபகமாக விசாரித்தாளா? சனிக்கிழமை முடியாது என்றால் அதோடு நிறுத்துகிறாளா, ஞாயிறு வரட்டுமா என்கிறாளா? எனக்கு இந்தக் கடைசி விஷயத்தில்தான் நம்பிக்கை அதிகம். வர மனசு இருக்கிறவள் வேறு நாள் தேடுவாள். கூப்பிடும்போதெல்லாம் வேலை இருக்கிறது என்றால் பதில் சொல்லிவிட்டாள் என்றே எடுத்துக்கொள்.

இதையெல்லாம் பார்த்தும் புரியவில்லையா? கேட்டுவிடு. நீல டிக் விழுந்ததா, எப்போது ஆன்லைனில் இருந்தாள் என்று பார்த்துப் பார்த்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதே. கூட்டாளியைத் தூது விடாதே. நாலு பேர் முன்னால் பூங்கொத்தோடு போய் நிற்காதே. எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போது மாட்டேன் என்று சொல்வது ரொம்பக் கஷ்டம். பைக்கில் ஏற்றிக்கொண்டு போகும்போதும் வேண்டாம். அவள் நினைத்தால் எழுந்து போய்விடக்கூடிய இடமாகப் பார்த்து, "உன்னை எனக்குப் பிடித்திருக்கிறது. உனக்கு அப்படி இல்லை என்றால் தயங்காமல் சொல்லு" என்று சொல். அவ்வளவு போதும்.

இன்னொன்றையும் யோசி. அவளுக்கு உன்னைப் பிடித்திருந்தும் வாய் திறக்காமல் இருக்கலாம். விஷயம் வெளியே தெரிந்தால் உன்னைக் கேலி செய்வார்கள், அதோடு முடிந்தது. அவளுக்கு வேலையே போய்விடலாம். "சம்பாதித்தது போதும், ஊருக்கு வா" என்று கூட்டிப்போய் அவசரமாக மாப்பிள்ளை பார்க்கிற வீடுகளை நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். சாதி வேறு என்றால் பயம் இன்னும் பெரியது. அதனால் எவ்வளவு நெருங்கிய நண்பனாக இருந்தாலும் அவள் பெயரைச் சொல்லாதே. யோசிக்க நேரம் கேட்டால் கொடு, தினமும் போய் நச்சரிக்காதே. அவர்கள் என்ன ஆட்கள் என்று நான் ஒருநாளும் கேட்க மாட்டேன். அப்பாவிடம் பேசுவது என் பொறுப்பு.

வேண்டாம் என்று சொல்லிவிட்டால் அங்கேயே நிறுத்திக்கொள். காரணம் கேட்காதே. விருப்பமில்லை என்று தெரிந்தும் ஒரு பெண்ணைப் பின்தொடர்வதும் மெசேஜ் மேல் மெசேஜ் அனுப்புவதும் 2013-ல் சட்டத்தைத் திருத்தியதிலிருந்து குற்றம். ஆனால் நான் சட்டத்துக்காகச் சொல்லவில்லை. நீ வருகிறாய் என்று ஒரு பெண் வேறு வழியாகச் சுற்றிப் போகிறாள் என்றால் என்னால் தாங்க முடியாது.

வலிக்கும், தெரியும். அப்போது லீவு போட்டுவிட்டு இங்கே வா. சரி என்று சொன்னாலும் வா. நீலகிரி எக்ஸ்பிரஸில் மேட்டுப்பாளையம் வந்து பஸ் பிடித்துவிடு, மழைக்கு மலை ரயிலை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். வரும் தேதியை முன்னாடியே சொல்லு, வர்க்கி வாங்கி வைக்கிறேன்.

அம்மா