பழுதானது என்ஜின் அல்ல

ஆசிரியருக்கு,

ஜப்பானின் யாகுஷிமா தீவருகே 2023 நவம்பர் 29 அன்று அமெரிக்க விமானப்படையின் சிவி-22 ஆஸ்ப்ரே (இறக்கை முனைகளில் உள்ள இரு சுழலிகளால் ஹெலிகாப்டர்போல் எழும்பி விமானம்போல் பறப்பது) கடலில் விழுந்ததற்கு 'என்ஜின் கோளாறு' என்றே இன்னமும் பலர் எழுதுகிறார்கள். உடைந்தது, என்ஜினின் விசையை இடது சுழலிக்குக் கடத்தும் கியர்பாக்ஸுக்குள் இருந்த ஒரு பற்சக்கரம். ஒரு என்ஜின் நின்றுபோனால், இறக்கைக்குள் ஓடும் இணைப்புத் தண்டு மற்றதன் விசையைக் கொண்டே இரு சுழலிகளையும் சுற்றவைக்கும். கியர்பாக்ஸே நொறுங்கினால் அந்தத் தண்டால் பயனில்லை.

எண்ணெயில் கலக்கும் உலோகத் துகளைக் காந்த உணரி பிடிக்கும். பொடியாக இருந்தால் மின்சாரம் பாய்ச்சி எரித்துவிட்டு விமானிக்குத் தகவல் சொல்லும். அன்று ஐந்து முறை எரித்தது. அடுத்து வந்த துகள் எரியவில்லை. மூன்றாவது தகவலிலேயே தரையிறங்கச் சொன்னது அன்றைய கையேடு. ஆனால் 'உடனே' என்றல்ல, 'வசதிப்பட்டவுடன்' என்று. (எவ்வளவு தாராளமான சொல்!) அதனால் எப்போது இறங்குவது என்ற முடிவு விமானிகள் தலையில் விழுந்தது.

ஜப்பான் கடலோரக் காவல்படையோடு உள்ளூர் மீனவர்களும் படகெடுத்துத் தேடினார்கள். எட்டுப் பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. ஏழு பேரின் உடல்கள்தான் கிடைத்தன. புரண்டபடியே நீரில் மோதும் விமானத்திலிருந்து வெளியேற நேரமேது?

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்