மேக்ஸ் பேர் கொலைகாரர் அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குத்துச்சண்டையிலிருந்து சினிமாவுக்குப் போனவர்களைப் பற்றி சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். அமெரிக்க வீரர் மேக்ஸ் பேருக்கு ஒதுக்கியது ஒரே வரி: 'ரிங்கில் இருவரைக் கொன்றுவிட்டு, அந்தத் திமிரோடு நடிக்கப் போனவர்.' 2005இல் வந்த சின்டரெல்லா மேன் படத்தை அப்படியே நம்பி எழுதியிருக்கிறார்கள். மேக்ஸை வென்ற பிராடக்கை நாயகனாக்க அந்தப் படத்துக்கு ஒரு வில்லன் தேவைப்பட்டான். உங்கள் பத்திரிகைக்கு எதற்கு?

நடந்தது தாங்கள் அறியாததல்ல. 1930 ஆகஸ்டில் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த போட்டியில் ஃபிராங்கி கேம்பல் கயிற்றில் சாய்ந்து நின்றபடியே நினைவிழந்தார். ஆள் விழாததால் மேக்ஸின் குத்துகள் நிற்கவில்லை, நடுவரும் தாமதித்தார். மறுநாள் கேம்பல் இறந்துபோனார். மேக்ஸ் கைதானார், வழக்கிலிருந்து விடுவிக்கப்பட்டார், ஆனாலும் அந்தச் சாவு அவரை விடவில்லை. அடுத்த ஆறு போட்டிகளில் நான்கில் தோற்றார். கேம்பலின் குடும்பத்துக்குப் பணம் கொடுத்தார், பிள்ளைகள் படிக்கவும் உதவினார். இதுவா திமிர்?

இன்னொருவர் எர்னி ஷாஃப். 1932இல் மேக்ஸிடம் கடுமையாக அடி வாங்கியவர்தான். அப்புறமும் சில போட்டிகளில் ஆடினார். அவர் இறந்தது 1933 பிப்ரவரியில், பிரிமோ கார்னெராவோடு மோதிய பிறகு.

நானும் இளவயதில் கிளவுஸ் மாட்டியவன். ஒரு மாவட்டப் போட்டியில் என் குத்து பட்டவர் கால் மடங்காமல் நின்றபடியே கண் செருகிப் போனார். வெள்ளை விழி தெரிந்தது. ஆனாலும் என் கை நிற்கவில்லை. நடுவர் குறுக்கே பாய்ந்த பிறகுதான் நின்றது. ரிங் ஓரத்தில் டாக்டரும் இல்லை, ஆட்டோவில்தான் அவரைத் தூக்கிப்போட்டுக்கொண்டு ஓடினோம். நல்லவேளை, பிழைத்துக்கொண்டார். அதன்பின் வெகுகாலம் யார் முகத்திலும் என்னால் முழு பலத்தோடு குத்த முடியவில்லை. அந்த ஒரு வரி என்னைப் போன்றவர்களை எப்படிச் சுடும் என்று யோசித்தீர்களா?

உங்களுக்குப் படம் வந்தால்தான் குத்துச்சண்டை நினைவுக்கு வருகிறது. போட்டி முடிவுகளை அனுப்பினால் இடமில்லை என்கிறீர்கள். ஒருமுறை இடம் கிடைத்தபோது, ஜெயித்த பையனின் போட்டோவுக்குக் கீழே தோற்றவன் பெயர். அவன் அம்மா பத்திரிகையோடு என் வீட்டுக்கு வந்து அழுதுவிட்டுப் போனார். திருத்தம் கேட்டு எழுதினேன். இன்றுவரை பதில் இல்லை.

சரி, சினிமாவைப் பற்றிய கட்டுரைதானே, அதையாவது முழுதாகச் சொல்லியிருக்கலாம். 1933 ஜூனில் யாங்கி ஸ்டேடியத்தில், கால்சட்டையில் யூதர்களின் சின்னமான தாவீதின் நட்சத்திரத்தோடு இறங்கி ஹிட்லர் நாட்டு ஷ்மெலிங்கைப் பத்தாவது ரவுண்டில் வீழ்த்தியவர் அவர். அதே ஆண்டு நடிகை மிர்னா லாயோடு நாயகனாக நடித்தார். அந்தப் படத்தை ஹிட்லரின் பிரசார அமைச்சர் கோயபல்ஸ் ஜெர்மனியில் தடை செய்தார். படத்தில் அவரோடு மோதியவர் கார்னெராவேதான்; மறு ஆண்டு நிஜ ரிங்கில் அவரை வீழ்த்தி மேக்ஸ் ஹெவிவெயிட் சாம்பியன் ஆனார். இவ்வளவும் விடுபட்டிருக்கிறது.

1956இல் நடிகர் ஹம்ப்ரி போகார்டின் கடைசிப் படத்தில் மேக்ஸுக்குக் கொடுத்த வேடத்தை நினைத்தால் இன்னும் மனசு ஆறவில்லை. ஒரு வீரனின் சாவுக்குத் தான் கொடுத்த அடிதான் காரணம் என்று மார்தட்டும் சாம்பியன் வேடம். அவருடைய ஆறாத புண்ணையே நடிக்கச் சொன்னார்கள், நடித்தார். அந்த வேடம்தான் நிஜ மேக்ஸ் என்று ஆக்கிவிட்டார்கள் பின்னால் வந்தவர்கள். 1959இல், ஐம்பது வயதில் மாரடைப்பில் போய்விட்ட மனிதர் இதற்கெல்லாம் எங்கே வந்து பதில் சொல்வார்?

அடுத்த இதழில் இரண்டே வரி திருத்தம் போடுங்கள், கடைசிப் பக்கமானாலும் சரி. ஷாஃப் இறந்தது கார்னெராவோடு மோதிய பிறகு என்பதும், கேம்பல் குடும்பத்துக்கு மேக்ஸ் உதவினார் என்பதும் அதில் இருக்க வேண்டும். இடம் போதாவிட்டால் என் கடிதத்தைச் சுருக்கிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
நீண்டநாள் வாசகன்,
ராயபுரம், சென்னை